எத்தனை புத்தகம் முடிச்சே? ஒரு வருஷ வாசிப்புச் சவாலும் ஒரு ரெக்கார்டு நோட்டும்



ஜனவரி வந்தா நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு விஷயம் கண்டிப்பா நடக்கும். கொஞ்சம் பேர் ஜிம்முக்குப் பணம் கட்டுவாங்க. இன்னும் கொஞ்சம் பேர் "இந்த வருஷம் இத்தனை புத்தகம் படிக்கப் போறேன்"னு ஸ்டேட்டஸ் போடுவாங்க. இந்த ரெண்டாவதுக்குப் பேர்தான் ரீடிங் சேலஞ்ச். தமிழ்ல வாசிப்புச் சவால்.

நான் போன வருஷம் போட்ட எண் 24. மாசத்துக்கு ரெண்டு. டிசம்பர் 31 ராத்திரி கணக்குப் பார்த்தப்போ முடிச்சது 19, பாதியில நின்னது 2. நடுவுல ரெண்டு செமஸ்டர், ஒரு இன்டர்ன்ஷிப், முடிவே இல்லாத ஆப்டிட்யூட் டெஸ்டுங்க. அந்த 19 பேரையும் வரிசையா எழுதினா அது வெறும் லிஸ்ட். அதனால அதுல சிலதை மட்டும் எடுத்து, படிச்சப்போ எனக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். கூடவே, இந்தச் சவாலை எப்படி எடுத்துக்கிட்டா அது நமக்குப் பிரயோஜனப்படும்னும் பார்க்கலாம்.

சவால் எப்படி வேலை செய்யுது?

குட்ரீட்ஸ் மாதிரி தளங்கள்ல வருஷத் தொடக்கத்துல ஒரு எண்ணைக் குடுத்துட்டா போதும். ஒவ்வொரு புத்தகம் முடிக்கும்போதும் ஒரு பட்டை நகரும். பின்தங்கினா, எத்தனை புத்தகம் பின்னாடி இருக்கோம்னு காட்டும். அட்டென்டன்ஸ் ஷார்டேஜ் லிஸ்ட்ல பேர் வந்த மாதிரி ஒரு பதற்றம் வரும். பிளஸ் டூவுக்கு அப்புறம் சிலபஸுக்கு வெளியே ஒரு புத்தகம்கூடத் தொடாதவங்களுக்கு அந்தப் பதற்றம் நல்லதுதான். ரீல்ஸ் பார்த்துக்கிட்டிருக்கிற கை ஒரு புத்தகத்தை எடுக்க அதுவாவது ஒரு காரணம்.

ஆனா இந்தக் கணக்குல ஒரு விசேஷம் இருக்கு. 100 பக்கம் சுத்தி இருக்கிற 'குட்டி இளவரசன்' ஒரு புத்தகம். 122 அத்தியாயம் இருக்கிற உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திர'மும் ஒரு புத்தகம். கல்கியோட 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகம்; அதை ஒண்ணுன்னு எண்ணுறதா, அஞ்சுன்னு எண்ணுறதான்னு எங்க ரூம்ல ஒரு ராத்திரி முழுக்கப் பஞ்சாயத்து. தீர்ப்பு இன்னும் வரல. அக்டோபர் மாசம் ஆனா பல பேர் லைப்ரரியில புத்தகத்தோட முதுகுத் தடிமனைப் பார்த்துத்தான் எடுக்கிறாங்க.

அதனால நான் எண்ணிக்கையோட இன்னொண்ணும் சேர்த்துக்கிட்டேன். மூணாவது செமஸ்டர் ரெக்கார்டு நோட்டுல 30 பக்கம் காலியா இருந்துச்சு. அதுல மூணு கட்டம் போட்டேன். முதல் கட்டம், புத்தகத்தோட பேர். ரெண்டாவது, முடிச்ச தேதி. மூணாவது, "என்ன பண்ணுச்சு?" இதுக்கு விதி மூணே மூணுதான்.

1. முடிச்ச மறுநாளுக்குள்ள எழுதணும். அஞ்சு வரி போதும்.
2. "செம", "மொக்கை", "நல்லா இருந்துச்சு" இந்த வார்த்தைகளுக்குத் தடை. எந்த இடம், அந்த இடம் என்ன செஞ்சுதுன்னு எழுதணும்.
3. பாதியில விட்ட புத்தகத்துக்கும் ஒரு வரி உண்டு. எந்தப் பக்கத்துல விட்டோம், ஏன் விட்டோம்.

இனி வர்றதெல்லாம் அந்த மூணாவது கட்டத்துல இருந்து எடுத்ததுதான்.

1. தண்ணீர்: 135 லிட்டரும் ஒரு குடமும்

அசோகமித்திரனோட 'தண்ணீர்' சின்ன நாவல். 1970களோட தொடக்கத்துல வந்தது. சென்னையில கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். சினிமாவுல பெரிய வாய்ப்பு வரும்னு காத்திருந்து வாழ்க்கை கைநழுவிப் போயிட்ட ஜமுனா, வேலைக்குப் போற அவ தங்கச்சி சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. கதை இவங்களைச் சுத்தித்தான் நடக்குது. பம்பு, குடம், வரிசை, லாரி. இதெல்லாம் பின்னணியில இல்ல, பக்கத்துக்குப் பக்கம் முன்னாடியே இருக்கு.

சிவில் படிக்கிறவங்களுக்கு 135னு ஒரு எண் மனப்பாடம். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர்னு வெச்சுத்தான் திட்டம் போடுவாங்க. ரெண்டு மார்க் கேள்வி. நானும் அதை எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். 'தண்ணீர்' படிச்ச ராத்திரிதான் அதைக் குடத்துல மாத்திப் பார்த்தேன். ஒரு குடம் 15 லிட்டர்னு வெச்சா, 135 லிட்டர்ங்கிறது 9 குடம். ஒரு ஆளுக்கு! நாவல்ல ஒரு குடத்துக்கே ஒரு தெருவே அலையுது.

2019 கோடை நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்குத் தண்ணீர் தர்ற ஏரிங்க வறண்டு, ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணீர் வந்துச்சு. ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். பெரிய எண்ணாத்தான் தெரியும். 135ஆல வகுத்துப் பாருங்க. சுமார் 18,500 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். அவ்வளவுதான்.

ஆனா புத்தகம் இந்தக் கணக்கோட முடியல. ஜமுனா உடைஞ்சு போய் நிக்கிற நேரத்துல டீச்சரம்மா அவகூடப் பேசுற ஒரு இடம் இருக்கு. டீச்சரம்மாவோட சொந்த வாழ்க்கை அதைவிடக் கஷ்டமானது. அவங்க அட்வைஸ் பண்ணல. தான் எப்படி நாளைக் கடத்துறேன்னு மட்டும் சொல்றாங்க. அதுல ஒரு பெரிய வார்த்தைகூட இல்ல. மூணாவது கட்டத்துல எழுதினது: "9 குடம். யார் தூக்குவாங்கன்னு எந்த டிசைன் சார்ட்லயும் இல்ல."

2. வெக்கை: "சாப்டியா?"

'அசுரன்' படம் பார்க்காதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. 2019ல வந்த அந்தப் படத்துக்கு அடிப்படை பூமணி 1982ல எழுதின 'வெக்கை'. படத்தை மனசுல வெச்சுக்கிட்டு, அதுல வர்ற நீளமான ஃபிளாஷ்பேக்கைத் தேடினா நாவல்ல கிடைக்காது. சிதம்பரம்னு 15 வயசுப் பையன். அண்ணனைக் கொன்னவனைப் பழி தீர்த்துட்டு ஓடுறான். அப்புறம் அவனும் அவன் அய்யாவும் காடு, ஓடை, கண்மாய்னு ஒளிஞ்சு திரியிற நாட்கள்தான் மொத்த நாவலும்.

முதல் 20, 30 பக்கம் கரிசல் காட்டுப் பேச்சு கொஞ்சம் தடுக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு: வாய்விட்டுப் படிங்க. கண்ணுக்குப் புரியாத வார்த்தை பாதி காதுக்குப் புரிஞ்சுடும். எங்க ரூம்ல கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். எங்களுக்கு அகராதியே தேவைப்படல.

நான் எதிர்பார்த்தது சண்டை. கிடைச்சது பேச்சு. போலீஸ் தேடுது, எதிராளிங்க தேடுறாங்க. அதுக்கு நடுவுல அப்பனும் மகனும் அடுத்த வேளைக்கு என்ன பொங்குறது, எங்க படுக்கிறது, ஆத்தாவும் தங்கச்சியும் எங்க இருப்பாங்கன்னு பேசிக்கிட்டே நடக்குறாங்க. மகன் செஞ்ச காரியத்தைவிட அவன் பசிதான் அந்த அப்பனுக்கு அந்த நேரத்துல பெருசு.

எங்க அப்பாவும் நானும் போன்ல பேசுறது சராசரியா 40 செகண்டு. "சாப்டியா? பணம் இருக்கா? சரி, வெச்சிடவா?" பள்ளிக்கூடத்துல இருந்தே இதே மூணு கேள்விதான். 'வெக்கை' முடிச்ச மறுநாள் அதே போன் வந்துச்சு. "சாப்டியா?"ன்னு கேட்டாரு. என்ன சாப்பிட்டேன், மெஸ்ல சாம்பார் எப்படி இருந்துச்சு, யாரோட உக்காந்து சாப்பிட்டேன்னு சொன்னேன். அவரும் அங்க மழை பெஞ்சதைச் சொன்னாரு. மொத்தம் ஆறு நிமிஷம். எங்க வீட்டு வரலாற்றுல அது சாதனை.

3. கருக்கு: சிரிக்காத அண்ணன்

1992ல வந்த பாமாவோட தன்வரலாறு. இதோட ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000ல கிராஸ்வேர்ட் விருது கிடைச்சுது. சின்னப் புத்தகம். ஆனா ஒரே மூச்சுல படிக்க என்னால முடியல.

பல பேர் பேசியிருக்கிற ஒரு இடம் இதுல உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற சின்னப் பொண்ணு, தன் தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தோட நூலை மட்டும் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நடக்குறதைப் பார்க்குறா. பொட்டலத்துல கை படாம அவர் நடக்குற விதம் அவளுக்குச் சிரிப்பா இருக்கு. நமக்கும் முதல்ல வேடிக்கையாத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிக்கிறா. அண்ணன் சிரிக்கல. ஏன் அவர் அப்படித் தூக்கிட்டுப் போனார்னு சொல்றார். அந்த நிமிஷத்துல அவ உலகம் மாறிடுது. படிச்சு முன்னுக்கு வரணும்னு அந்த அண்ணன் சொல்றதுதான் அவளை நகர்த்துது.

இந்தப் பகுதியை நான் ரூம்ல சத்தமா படிச்சேன். நாலு பேர் இருந்தோம். முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தன், தலையைத் தூக்காமலே, அவங்க தாத்தா ஊர் டீக்கடையில அவங்க தெருக்காரங்களுக்குத் தனி கிளாஸ் வெச்சிருந்ததைச் சொன்னான். அதை அவரே கழுவி வெக்கணுமாம். தாத்தா கடைசி வரைக்கும் வெளியில டீ குடிச்சதே இல்லையாம். "டீ பிடிக்காதுன்னு நெனச்சுட்டிருந்தேன்டா"ன்னு சொன்னான்.

மூணு வருஷமா ஒரே ரூம். ஒரே பக்கெட், ஒரே சார்ஜர். இது எங்களுக்குத் தெரியாது. அவன் சொல்ல ஒரு வழியே இல்லாம இருந்திருக்கு. புத்தகம் அந்த வழியைத் திறந்துச்சு. கிளாஸ்ல சமூகநீதின்னு ஒரு யூனிட் படிச்சு, அதுல பாஸும் ஆனவங்கதான் நாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி பேசினது எந்த யூனிட்லயும் வரல.

4. சோற்றுக்கணக்கு: எழுதி வெக்காத கணக்கு

ஜெயமோகனோட 'அறம்' 2011ல வந்த கதைத் தொகுப்பு. நிஜ மனிதர்களை வெச்சு எழுதின கதைங்க. இதுல 'யானை டாக்டர்' நிறைய பேருக்குத் தெரியும். காட்டுல குடிச்சுட்டு உடைச்சுப் போடுற பாட்டில் கண்ணாடி யானைக் காலுல ஏறினா என்ன ஆகும்னு அதைப் படிச்சவங்க டூர் பஸ்ல இருந்து பாட்டிலை வெளியே வீச மாட்டாங்க. எனக்கு அதைவிட நெருக்கமானது 'சோற்றுக்கணக்கு'.

திருவனந்தபுரத்துல கெத்தேல் சாகிப்னு ஒருத்தர் சாப்பாட்டுக் கடை நடத்துறார். சாப்பிட்டவங்க முடிஞ்சதை உண்டியல்ல போடலாம். போடலைன்னாலும் அவர் பார்க்க மாட்டார். பட்டினியோட படிக்க வர்ற ஒரு பையன் அங்க காசு குடுக்காம வருஷக்கணக்குல சாப்பிடுறான். பின்னாடி வேலைக்குப் போய், சம்பாதிச்ச பணத்தைக் கொண்டு வந்து கட்டுக்கட்டா உண்டியல்ல போடுறான். அவர் முகத்துல ஏதாவது மாறுதுதான்னு பார்க்குறான். எதுவும் மாறல. முன்னாடி பரிமாறின அதே மாதிரி பரிமாறுறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம். அவன் பத்தாவதோட நிறுத்திட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனவன். எனக்கு ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் அவன் அக்கவுண்ட்ல இருந்துதான் வருது. நான் என் போன்ல ஒரு நோட்ஸ்ல எவ்வளவு வாங்கியிருக்கேன்னு தேதி வாரியா எழுதி வெச்சிருந்தேன். வேலை கிடைச்சதும் திருப்பிக் குடுக்கணும்னு. இந்தக் கதை அந்த நோட்ஸைப் பத்தி யோசிக்க வெச்சுது. சில பேர் குடுக்கிறதைக் கடனா நினைச்சு அடைச்சுட்டா, குடுத்தவங்களைச் சின்னவங்களாக்குற மாதிரி ஆயிடும். அதுக்குக் கைமாறு வேற விதம். அடுத்தவனுக்கு நாம அப்படிக் குடுக்குறது. அந்த நோட்ஸ் இன்னும் இருக்கு. ஆனா தலைப்பை மாத்திட்டேன். "அண்ணனுக்குத் தர வேண்டியது"ன்னு இருந்ததை "அண்ணன் தந்தது"ன்னு.

5. கதவைத் தள்ளணுமா, இழுக்கணுமா?

இது கதைப் புத்தகம் இல்ல. டான் நார்மன்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1988ல எழுதின 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்'. முதல்ல வேற தலைப்புல வந்து, அப்புறம் இந்தப் பேருக்கு மாறுச்சு. அன்றாடப் பொருட்களோட வடிவமைப்பு பத்தினது. தள்ளணுமா இழுக்கணுமான்னு குழப்புற கதவு, எந்தத் திருகு எந்த அடுப்புக்குன்னு தெரியாத ஸ்டவ் இதெல்லாம்தான் உதாரணம். நம்ம ஹாஸ்டல் காரிடார்ல எட்டு சுவிட்ச் இருக்கிற போர்டை நினைச்சுப் பாருங்க. ஃபேன் போட நாலு லைட்டை அணைக்கிறோம். சுவிட்ச் வரிசையும் லைட் வரிசையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாததுதான் காரணம்னு நார்மன் விளக்குறார்.

ஆனா இந்தப் புத்தகத்துல என்னை நிறுத்தினது வேற ஒரு விஷயம். ஒரு பொருளைச் சரியா பயன்படுத்த முடியலைன்னா, மக்கள் பொருளைக் குறை சொல்றதில்ல. தன்னைத்தான் குறை சொல்லிக்கிறாங்கங்கிறார். எங்க அம்மாச்சியைக் கூட்டிக்கிட்டு முதியோர் பென்ஷன் எடுக்க ஏ.டி.எம். போவேன். ஸ்க்ரீன்ல வர்றது ஒரு இடத்துல, அழுத்த வேண்டிய பட்டன் இன்னொரு இடத்துல. நேரம் முடிஞ்சு கார்டு வெளியே வந்துடும். ஒவ்வொரு தடவையும் அம்மாச்சி, "நான் படிக்காதவ தானே சாமி, எனக்கெங்க இது வரும்"பாங்க. பின்னாடி நிக்கிறவங்ககிட்ட மன்னிப்பு வேற கேப்பாங்க.

70 வருஷம் வயல் வேலையும் சீட்டுக் கணக்கும் பார்த்தவங்களை ஒரு பட்டன் முட்டாளா உணர வெக்குது. நாளைக்கு அந்தப் பட்டனை வைக்கப் போறது நாமதான். மினி ப்ராஜெக்ட் ரிவ்யூல "யூசருக்கு யூஸ் பண்ணத் தெரியல சார்"னு சொல்ற வாக்கியம் நம்ம எல்லாருக்கும் பழக்கம். இந்தப் புத்தகத்துக்கு அப்புறம் எங்க டீம்ல ஒரு விதி வந்துச்சு: அந்த வாக்கியத்தைச் சொல்றவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். ரெண்டு வாரத்துல டீக்கடை அண்ணன் எங்களை நல்லா தெரிஞ்சுக்கிட்டார்.

6. ஃபிராங்கன்ஸ்டைன்: மூணே மூணு புத்தகம் படிச்ச ஜீவன்

ஃபிராங்கன்ஸ்டைன்னா நமக்கு ஒரு பேய் முகம் ஞாபகம் வரும். அந்த ஜீவனுக்கு நாவல்ல பேரே கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிறது அதை உருவாக்கினவன் பேர். அவன் ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்! ஜெர்மனியில இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவன்.

மேரி ஷெல்லி இதை எழுத ஆரம்பிச்சது 1816ல. அப்போ அவங்களுக்கு 18 வயசு. முந்தின வருஷம் இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சதால ஐரோப்பாவுல கோடையே வராத வருஷம் அது. ஜெனீவா ஏரிக்கரையில மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ள அடைஞ்சிருந்தவங்க ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு வெச்சுக்கிட்ட போட்டியில பிறந்த கதை. 1818ல எழுதினவங்க பேர் இல்லாமலே புத்தகமா வந்துச்சு.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட உழைச்சு அந்த ஜீவனை உருவாக்குறான். அது கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடிடுறான். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டுங்க ஞாபகம் வந்துச்சு. வைவா வரைக்கும் ராப்பகலா கூடவே இருப்போம். மார்க் வந்த மறுநாள் அது டிபார்ட்மென்ட் அலமாரியில தூசி பிடிச்சிருக்கும். நம்மது வெறும் சென்சாரும் போர்டும், அது கேள்வி கேக்காது. விக்டரோடது கேக்குது. "உருவாக்கினியே, அப்புறம் ஏன் விட்டுட்டுப் போன?"ங்கிறதுதான் நாவல் முழுக்க அது கேக்குற கேள்வி.

அந்த ஜீவன் ஒளிஞ்சிருந்து, பக்கத்து வீட்டுக்காரங்க பேசுறதைக் கேட்டே மொழி கத்துக்குது. காட்டுல கிடக்குற ஒரு தோல் பையில மூணு புத்தகம் கிடைக்குது: மில்டனோட காவியம் ஒண்ணு, புளூட்டார்க் எழுதின பெரிய மனிதர்கள் வரலாறு ஒண்ணு, கதேவோட காதல் நாவல் ஒண்ணு. மூணையும் வெச்சு அது தன்னைத் தேடுது. நான் யார், எனக்கு ஏன் யாரும் இல்லன்னு. அதோட வாசிப்புச் சவால் எண் மூணு. ஆனா அளவுக்கு மீறிப் படிச்சிருக்கு.

7. என் சரித்திரம்: "எத்தனை"ங்கிற கேள்விக்கு 1880ல ஒரு பதில்

இதுதான் நான் ரொம்ப நாள் எடுத்துப் படிச்சது. உ.வே.சா. 1940ல இருந்து ஆனந்த விகடன்ல வாராவாரம் எழுதின தன்வரலாறு. 1942ல அவர் மறைஞ்சதால முடியாமலே நின்னுடுச்சு. மொத்தம் 122 அத்தியாயம். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சா நாலு மாசம். மெஸ்ல காலைச் சாப்பாட்டு வரிசையில நிக்கிற நேரம் ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

1880, கும்பகோணம். 25 வயசு சாமிநாதையர் அங்க காலேஜ்ல தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருஷக்கணக்குல பாடம் கேட்டவர். ஊருக்குப் புதுசா முன்சீஃபா வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்குறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம்னு இவர் அடுக்கிக்கிட்டே போறார். பெரிய லிஸ்ட். நம்ம ஆளுங்க யாரும் கிட்டவே போக முடியாத லிஸ்ட். முதலியார் முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்ங்கிற மாதிரி கேட்டுட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலையெல்லாம் படிச்சதுண்டான்னு கேக்குறார். இவர் அதுவரைக்கும் அதையெல்லாம் படிச்சதில்ல. படிக்க அச்சுப் புத்தகமும் கையில இல்லாத காலம்.

அந்தக் கேள்வியோட அவர் வீட்டுக்கு வர்றார். அவமானப்பட்டு ஒதுங்கல. சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படிக்கிறார். அது சமண காவியம். இவர் படிச்ச சைவ நூல்கள் அதுக்கு உதவல. கும்பகோணத்துல இருந்த சமணர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிறார். 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வர்றார். அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலைன்னு அவர் பதிப்பிச்ச வரிசை நமக்குத் தெரியும்.

இதைப் படிச்சப்போ எனக்குப் பிடிபட்டது ஒண்ணு. அவர் லிஸ்ட் வீண் போகல. அவ்வளவு படிச்சிருந்ததாலதான் சிந்தாமணி எவ்வளவு கஷ்டம்னு அவருக்குத் தெரிஞ்சுது, அதோட மல்லுக்கட்டவும் முடிஞ்சுது. எண்ணிக்கை அவரை வாசல் வரைக்கும் கொண்டு வந்துச்சு. உள்ளே இழுத்துட்டுப் போனது ஒரு கேள்வி. நம்ம சவாலும் அப்படித்தான் இருக்கணும்னு தோணுது. 19வது புத்தகம் முடிக்கும்போது கையில ஒரு கேள்வியாவது மிஞ்சி இருக்கணும்.

பாதியில நின்ன ரெண்டு

ஒண்ணு, ஒரு தன்னம்பிக்கை நூல். 64வது பக்கம். காரணம்: முதல் அத்தியாயத்தையே மூணு தடவை வேற வேற வார்த்தையில சொல்லுச்சு. இன்னொண்ணு, ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி'. காரணம்: ரெண்டாம் உலகப்போர் கால மெடான், பினாங்கு எல்லாம் எனக்குப் புது உலகம். அந்தக் காலத்தைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு திரும்பிப் போகணும். முதல்ல சொன்னது விட்டது. ரெண்டாவது தள்ளி வெச்சது.

டேனியல் பென்னாக்னு ஒரு பிரெஞ்சு ஆசிரியர் 1992ல வாசகனோட பத்து உரிமைகள்னு ஒரு பட்டியல் போட்டார். பக்கத்தைத் தாண்டிப் போறது, முடிக்காம விடுறது, திரும்பப் படிக்கிறது மூணும் அதுல உண்டு. சவால் பட்டை முதல் ரெண்டையும் கணக்குல எடுக்காது. நம்ம நோட்டு எடுக்கும்.

நீங்க ஆரம்பிக்கணும்னா

* எண்ணைச் சின்னதா வைங்க. செமஸ்டரோட ஒத்துப்போகணும். இந்த வருஷம் நான் போட்டிருக்கிறது 12. மீதி நேரம் ரெண்டாவது தடவை படிக்க.
* அந்த 12ல ஒண்ணு பெரிய புத்தகம், ஒண்ணு நம்ம துறை சார்ந்தது, ஒண்ணு நமக்குத் தெரியாத வாழ்க்கையைச் சொல்றது.
* காசு ஒரு தடையே இல்ல. மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினரா சேருங்க. சென்னையில இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில இருந்தா கலைஞர் நூற்றாண்டு நூலகம் போய் உக்காந்து படிக்கலாம். உ.வே.சா. மாதிரி பழைய எழுத்தாளர்களோட நூல்கள் காப்புரிமைக் காலம் முடிஞ்சு இணையத்துலயே இலவசமா கிடைக்குது.
* வாங்கணும்னா ஜனவரியில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல நடக்குற சென்னைப் புத்தகக் காட்சி இருக்கு. இப்போ மாவட்டங்கள்லயும் நடக்குது. மூணு பேர் சேர்ந்து ஆளுக்கு ரெண்டு வாங்கி மாத்திக்கிட்டா ஆறு புத்தகம்.
* ஒரு பத்தியாவது சத்தமா படிங்க, பக்கத்துல யாராவது இருக்கும்போது. எங்க ரூம்ல 'கருக்கு' அப்படித்தான் எல்லாருக்கும் சொந்தமாச்சு.

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை லைப்ரரி வாசல்லயோ கேன்டீன்லயோ யாராவது புத்தகத்தோட நின்னா "எத்தனை முடிச்சே?"ன்னு கேக்காதீங்க. "இது என்ன பண்ணுச்சு?"ன்னு கேளுங்க. பதில் வர கொஞ்சம் நேரமாகும். டீ ஆறிப் போகும். பரவாயில்ல, இன்னொண்ணு சொல்லிக்கலாம்.